பதவி காலியானால் நிரப்புவது யார்? இடைத்தேர்தலில் நிற்க நினைக்கும் புதியவருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு எம்.எல்.ஏ. இறந்துவிட்டார், ஒரு மேயர் ராஜினாமா செய்துவிட்டார், ஒரு ஊராட்சித் தலைவர் பதவிநீக்கம் செய்யப்பட்டுவிட்டார் என்று செய்தி வரும். உடனே ஊரில் எழும் கேள்வி, "இடைத்தேர்தல் எப்போ?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. அந்த நாற்காலியை நிரப்பும் உரிமை யாருக்கு? காலக்கெடு எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது? இவை தெரியாமல் வேலையைத் தொடங்குகிறவர், நடக்கவே போகாத தேர்தலுக்குப் பணத்தைச் செலவழிப்பார். அல்லது மனுத்தாக்கல் முடிவதற்கு முந்தைய நாள் நோட்டரியைத் தேடி அலைவார். இரண்டும் தவிர்க்கக்கூடியவை.

தமிழ்நாட்டில் கட்சிப் பின்புலம் இல்லாமலோ, சிறிய கட்சி சார்பிலோ முதல்முறை நிற்க நினைப்பவரை மனத்தில் வைத்து இதை எழுதியிருக்கிறோம்.

1. முதலில் இது யார் நிரப்பும் பதவி என்று பாருங்கள்

எல்லாக் காலியிடமும் மக்கள் வாக்களித்து நிரம்புவதில்லை.

மக்களே நேரடியாக நிரப்புபவை: மக்களவை, சட்டமன்றத் தொகுதிகள், மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி வார்டு உறுப்பினர்கள், கிராம ஊராட்சித் தலைவர், ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சி ஒன்றிய வார்டு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர். முதல் இரண்டையும் இந்தியத் தேர்தல் ஆணையம் நடத்தும். உள்ளாட்சி முழுவதும் தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. இவை இரண்டும் வேறு வேறு அமைப்புகள், படிவங்களும் வேறு. ஒன்றின் விதியை இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்ப்பது புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை.

ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கூடி நிரப்புபவை: மேயர், துணை மேயர், நகராட்சி மற்றும் பேரூராட்சித் தலைவர்கள், ஒன்றியக் குழுத் தலைவர், மாவட்ட ஊராட்சித் தலைவர், கிராம ஊராட்சித் துணைத் தலைவர். 2024-இல் கோவை, நெல்லை மேயர்கள் இருவரும் ராஜினாமா செய்தபோது மக்களிடம் வாக்குக் கேட்கப்படவில்லை. ஆகஸ்ட் மாதம் மாமன்ற உறுப்பினர்கள் கூடி, தங்களில் ஒருவரைப் புதிய மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். மேயர் பதவியை விடுவதும் கவுன்சிலர் பதவியை விடுவதும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். மேயர் ராஜினாமா செய்தாலும் அவருடைய வார்டு காலியாவதில்லை. அங்கே உங்களுக்கு வேலை இல்லை.

மாநிலங்களவைக் காலியிடத்தைச் சட்டமன்ற உறுப்பினர்கள் நிரப்புகிறார்கள். வழக்கமான தேர்தலில் பல இடங்களுக்குச் சேர்த்து வாக்களிப்பதால் எதிர்க்கட்சிக்கும் பங்கு கிடைக்கும். இடையில் காலியாகும் இடங்களுக்கோ தனித்தனியாகத் தேர்தல் அறிவிக்கப்படும். அதனால் சட்டமன்றத்தில் பெரும்பான்மை உள்ள அணிக்கே ஒவ்வொரு இடமும் போகும். 2021-இல் கே.பி. முனுசாமியும் ஆர். வைத்திலிங்கமும் சட்டமன்றத்துக்குத் தேர்வாகி மாநிலங்களவையை விட்டு விலகினார்கள். அந்த இரண்டு அ.தி.மு.க. இடங்களும் அந்த ஆண்டு செப்டம்பரில் போட்டியின்றி தி.மு.க. வசம் போனது இந்தக் கணக்கால்தான்.

முதலமைச்சரையும் அமைச்சர்களையும் பொறுத்தவரை நியமிப்பவர் ஆளுநர். ஆனால் அவையில் பெரும்பான்மை ஆதரவு உள்ளவரே முதல்வராக முடியும். துணை முதல்வர் தானாக முதல்வர் ஆகிவிடுவார் என்று பலர் நம்புகிறார்கள். அரசமைப்பில் அப்படி ஒரு வழி இல்லை. சட்டமன்ற உறுப்பினர் அல்லாத ஒருவரும் அமைச்சராகவோ முதல்வராகவோ பதவியேற்கலாம்; ஆறு மாதத்துக்குள் உறுப்பினர் ஆகாவிட்டால் பதவி போய்விடும். உத்தராகண்டில் தீரத் சிங் ராவத் 2021 ஜூலையில் முதல்வர் பதவியை விட்டு விலகியதற்குச் சொல்லப்பட்ட காரணம் இதுதான். அவையின் மிச்ச காலம் ஓராண்டுக்கும் குறைவு என்பதால் அவர் உறுப்பினராவதற்கு இடைத்தேர்தல் நடக்க வழியில்லாமல் போனது.

குடியரசுத் தலைவர் பதவி இடையில் காலியானால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடக்க வேண்டும். அதுவரை துணைத் தலைவர் பொறுப்பு வகிப்பார். புதிதாக வருபவர் முன்னவரின் மிச்ச காலத்துக்கு அல்ல, முழு ஐந்து ஆண்டுக்கும் வருவார். மற்ற பதவிகளிலிருந்து இது வேறுபடும் இடம் அது.

2. காலியான தேதியை உறுதி செய்யுங்கள்

இறப்பு என்றால் இறந்த நாள். ராஜினாமா என்றால், கடிதம் கொடுத்த நாள் அல்ல, பேரவைத் தலைவர் ஏற்றுக்கொண்ட நாள். கடிதம் தானாக விரும்பி எழுதியதா, உண்மையானதா என்று விசாரித்து, இல்லை என்று தோன்றினால் மறுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. தொலைக்காட்சியில் கடிதத்தைக் காட்டியதை வைத்து நாள் எண்ணாதீர்கள்.

தண்டனையால் வரும் காலியிடம்தான் மிகவும் வழுக்கலானது. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டால் அன்றே தகுதியிழப்பு. மேல்முறையீடு செய்துவிட்டுப் பதவியில் தொடரலாம் என்றிருந்த வழியை உச்ச நீதிமன்றம் 2013-இல் அடைத்துவிட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 27-இல் ஜெயலலிதாவுக்குத் தண்டனை வந்தபோது ஸ்ரீரங்கம் தொகுதி காலியானது இப்படித்தான். ஆனால் மேல் நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்தால் பதவி திரும்பி வந்துவிடும். திருக்கோவிலூர் தொகுதி காலி என்று 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தொகுதி உறுப்பினர் க. பொன்முடியின் தண்டனைத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. அறிவிப்பும் திரும்பப் பெறப்பட்டது. அதை நம்பி வேலையைத் தொடங்கியிருந்தால் எல்லாம் வீண். எனவே தண்டனையால் காலியான தொகுதியில் மேல்முறையீடு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்த பிறகே கையிலிருந்து காசை எடுங்கள்.

கட்சித்தாவல் தகுதிநீக்கத்தில் காத்திருப்பு இன்னும் நீளும். அ.தி.மு.க.வின் 18 எம்.எல்.ஏ.க்கள் 2017 செப்டம்பர் 18-இல் நீக்கப்பட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்தில் இருந்தவரை தேர்தல் அறிவிக்கத் தடை இருந்தது. அந்தத் தொகுதிகளில் வாக்குப்பதிவு நடந்தது 2019 ஏப்ரல் 18-இல்.

சட்டமன்றச் செயலகம் அரசிதழில் வெளியிடும் அறிவிக்கைதான் நம்பத்தக்க ஆவணம். அதன் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஆறு மாதம், ஓராண்டு: இரண்டு கணக்குகளையும் போடுங்கள்

1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 151-ஏ பிரிவின்படி, காலியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடக்க வேண்டும். விலக்கு இரண்டு. அந்த இடத்தின் மிச்ச காலம் ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால் இந்தக் கெடு பொருந்தாது. அந்தக் காலத்துக்குள் நடத்துவது கடினம் என்று மத்திய அரசைக் கலந்து தேர்தல் ஆணையம் சான்றளித்தாலும் பொருந்தாது.

மிச்ச காலத்தை எண்ணுவது காலியான நாளிலிருந்து அவையின் காலம் முடியும் நாள் வரை. வால்பாறை உறுப்பினர் அமுல் கந்தசாமி 2025 ஜூன் 21-இல் காலமானார். அவையின் காலம் 2026 மே மாதத்தோடு முடிவதாக இருந்தது, ஓராண்டு இல்லை, இடைத்தேர்தலும் இல்லை. அந்த மலைப்பகுதி மக்களுக்கு அத்தனை மாதம் சட்டமன்றத்தில் குரல் இல்லாமல் போனது வேதனைதான். ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

ஆறு மாதம் என்பது மேல் எல்லை. கடைசி வாரம்தான் நடக்கும் என்று அசட்டையாக இருக்காதீர்கள். ஈரோடு கிழக்கு உறுப்பினர் ஈ.வெ.கி.ச. இளங்கோவன் 2024 டிசம்பர் 14-இல் காலமானார். டெல்லி சட்டமன்றத் தேர்தலோடு சேர்த்து ஜனவரி 7-இல் அறிவிப்பு வந்தது. பிப்ரவரி 5-இல் வாக்குப்பதிவு முடிந்தே விட்டது. எங்காவது பொதுத்தேர்தல் வருகிறதா என்று பார்த்தால் தேதியை ஓரளவு ஊகிக்கலாம், ஏனென்றால் ஆணையம் இடைத்தேர்தல்களைப் பெரும்பாலும் அவற்றோடு சேர்த்தே வைக்கிறது.

மறுபக்கமும் உண்டு. மு. கருணாநிதி மறைந்த 2018 ஆகஸ்ட் 7-இல் திருவாரூர் காலியானது. 2019 ஜனவரி 28-க்கு அறிவிக்கப்பட்ட தேர்தல், கஜா புயல் நிவாரணப் பணிகளைக் காரணம் காட்டி ரத்தானது, ஏப்ரலில்தான் நடந்தது. ஆர்.கே. நகரில் 2017 ஏப்ரல் 12-க்கு வைத்த வாக்குப்பதிவு, பணப்பட்டுவாடா புகாரால் ரத்தாகி டிசம்பர் 21-இல் நடந்தது. இப்படி அறிவிக்கையே ரத்தானால் மனுத்தாக்கலும் முதலிலிருந்து தொடங்கும். துண்டறிக்கை, வண்டி வாடகை என்று செய்த செலவை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

இன்னொரு தடை, முந்தைய தேர்தலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் தேர்தல் வழக்கு. தோற்றவர் "என்னையே வென்றவராக அறிவியுங்கள்" என்று கேட்டிருந்தால், அது முடியும்வரை ஆணையம் காத்திருக்கும். 2019-இல் திருப்பரங்குன்றம், ஒட்டப்பிடாரம், அரவக்குறிச்சி மூன்றும் ஏப்ரல் 18 இடைத்தேர்தல்களின் பட்டியலில் இடம்பெறாமல், மே 19-இல் தனியாக நடந்ததற்குக் காரணம் இதுவே.

4. உங்கள் தகுதி

சட்டமன்றத்துக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். அதே தொகுதியில் இருக்க வேண்டியதில்லை. மக்களவைக்கு நாட்டின் எந்தத் தொகுதியிலும் வாக்காளராக இருக்கலாம். உள்ளாட்சிக்கு 21 வயது.

பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கிய தொகுதி என்றால் சாதிச் சான்று இல்லாமல் போகவே போகாதீர்கள். அரசுப் பணியில் இருப்பவர் ராஜினாமா கொடுத்தால் மட்டும் போதாது, அது ஏற்கப்பட்டிருக்க வேண்டும். அரசோடு நடப்பில் உள்ள ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருந்தால் அதுவும் தடையாகலாம்; வழக்கறிஞரிடம் முதலிலேயே காட்டுங்கள். முன்பு ஏதாவது தேர்தலில் நின்று செலவுக் கணக்குக் கொடுக்காமல் விட்டவரா? மூன்று ஆண்டுத் தகுதிநீக்கப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாக்காளர் பட்டியலில் பெயரே இல்லை என்றால் படிவம் 6, முகவரி மாற்றம் என்றால் படிவம் 8. மனுத்தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்காகப் பட்டியலில் எதையும் சேர்க்க முடியாது. விசாரணைக்கும் சில நாள் வேண்டும் என்பதால், கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு யோசித்தால் பிந்திவிடும். முன்மொழியப் போகிறவர்களின் பெயர்களையும் இப்போதே சரிபாருங்கள்.

5. அறிவிப்பு வரும் முன்பே சேர்க்க வேண்டிய ஆவணங்கள்

இந்தப் படியில்தான் நேரம் கரைகிறது, நிதானமாகப் படியுங்கள்.

*வேட்புமனு.* சட்டமன்றத்துக்குப் படிவம் 2-பி, மக்களவைக்கு 2-ஏ. தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கிடைக்கும். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும். சுயேச்சைக்கும், பதிவு மட்டும் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கும் பத்துப் பேர். பத்துப் பேரும் அந்தத் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். ஒவ்வொருவரின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் நடப்புப் பட்டியலைப் பார்த்தே எழுதுங்கள். அடையாள அட்டையில் உள்ள பழைய எண்ணை நம்பாதீர்கள். கைரேகை வைப்பவர் என்றால் அலுவலரின் முன்னிலையில் வைக்க வேண்டும்.

ஒரு வேட்பாளர் ஒரு தொகுதியில் நான்கு மனுக்கள்வரை கொடுக்கலாம். அந்த வசதியைப் பயன்படுத்துங்கள், ஆனால் ஒவ்வொரு மனுவிலும் வேறு வேறு பத்துப் பேரை முன்மொழியச் சொல்லுங்கள். 2017 டிசம்பர் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானது, முன்மொழிந்தவர்களில் இருவர் "இது எங்கள் கையெழுத்தல்ல" என்று சொன்னதால். உள்ளூர் அழுத்தத்தில் ஒருவர் பின்வாங்கினாலும் பத்து ஒன்பதாகிவிடும், மனு போய்விடும். மாற்று மனு இருந்தால் தப்பலாம். நெருங்கிய உறவினர்கள், பல ஆண்டாகத் தெரிந்தவர்கள் என்று உறுதியான ஆட்களையே தேர்ந்தெடுங்கள்.

*பிரமாணப் பத்திரம், படிவம் 26.* முத்திரைத்தாளில் தட்டச்சு செய்து, நோட்டரி முன்போ உறுதிமொழி ஆணையர் முன்போ முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் முன்போ கையெழுத்திட வேண்டும். உங்கள், துணைவரின், சார்ந்திருப்பவர்களின் நிரந்தரக் கணக்கு எண், ஐந்து ஆண்டு வருமானவரிக் கணக்கில் காட்டிய வருமானம், அசையும் சொத்து, அசையாச் சொத்து, நகை, கடன், நிலுவையில் உள்ள வழக்குகள், தண்டனை விவரம், கல்வித் தகுதி எல்லாம் கேட்பார்கள். நிலத்துக்குச் சர்வே எண்ணும் தற்போதைய சந்தை மதிப்பும் வேண்டும். கடந்த பத்து ஆண்டில் அரசுக் குடியிருப்பில் இருந்தவர் வாடகை, மின்சாரம், குடிநீர் பாக்கி இல்லை என்ற சான்றையும் இணைக்க வேண்டும். இவற்றைத் திரட்ட வாரக்கணக்கில் ஆகும்.

ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள். பொருந்தாத இடத்தில் "இல்லை" அல்லது "பொருந்தாது" என்று எழுதுங்கள். கோடு மட்டும் கிழிப்பதும் வேண்டாம். வெற்றிடம் இருந்தால் அலுவலர் அறிவிப்புத் தருவார். அதன் பிறகும் நிரப்பாவிட்டால் மனு தள்ளுபடி.

*ஏ, பி படிவங்கள்.* இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி தெரிவிக்கும் படிவங்கள் இவை, கட்சி வேட்பாளருக்கு மட்டும். கட்சித் தலைமை மையால் கையெழுத்திட்ட அசல், மனுத்தாக்கலின் கடைசி நாள் மாலை 3 மணிக்குள் அலுவலரிடம் போய்ச் சேர வேண்டும். நகலோ வாட்ஸ்அப்பில் வந்த படமோ செல்லாது. இது தாமதமானால், பத்துப் பேர் முன்மொழிந்த மனு இல்லாத கட்சிக்காரருக்குச் சுயேச்சையாக நிற்கும் வழியும் அடைபடும்.

*மற்றவை.* நீங்கள் வேறு தொகுதி வாக்காளர் என்றால் உங்கள் பெயர் உள்ள பட்டியல் பக்கத்தின் சான்றிட்ட நகல். மூன்று மாதத்துக்குள் எடுத்த, வெளிர் பின்னணியில் 2 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. உயரமுள்ள புகைப்படம், இதுதான் வாக்கு இயந்திரத்தில் வரும். தேர்தல் செலவுக்கென்றே ஒரு தனி வங்கிக் கணக்கு. அது மனுத்தாக்கலுக்குக் குறைந்தது ஒரு நாள் முன்பே தொடங்கப்பட்டிருக்க வேண்டும். வங்கிகள் கணக்குத் தொடங்க நாள் எடுக்கும், விடுமுறையும் குறுக்கே வரும்.

6. மனுத்தாக்கல் நாட்களைக் காலண்டரில் குறியுங்கள்

அறிவிக்கை வெளியான நாளிலிருந்து ஏழாவது நாள் மனுத்தாக்கல் முடியும். மறுநாள் பரிசீலனை. அதற்கு இரண்டாவது நாள் வாபஸ் பெறக் கடைசி நாள். அதிலிருந்து குறைந்தது 14 நாள் கழித்து வாக்குப்பதிவு. மனு வாங்கும் நேரம் காலை 11 முதல் மாலை 3 வரை மட்டும்.

ஏழு நாள் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். வங்கிகளுக்கும் பொருந்தும் பொது விடுமுறை நாளில் மனு வாங்கமாட்டார்கள். ஈரோடு கிழக்கில் 2025 ஜனவரி 10 முதல் 17 வரை மனுத்தாக்கல் என்று அறிவிப்பு. நடுவில் சனி, ஞாயிறு. பிறகு பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள். மிச்சம் ஜனவரி 10, 13, 17 என மூன்றே நாள்.

இணையத்தில் தேர்தல் ஆணையத்தின் சுவிதா தளம் வழியாகப் படிவத்தை நிரப்பலாம், டெபாசிட்டும் கட்டலாம். ஆனால் அச்சிட்டுக் கையெழுத்திட்ட தாளை நேரில் கொடுத்தால்தான் மனு. அலுவலகத்தின் 100 மீட்டருக்குள் மூன்று வண்டிகள், உள்ளே உங்களோடு சேர்த்து ஐந்து பேர். கடைசி நாளுக்குக் காத்திருக்காமல் முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ ஒரு மனுவையாவது கொடுங்கள். குறையிருந்தால் சரிசெய்ய இன்னொரு மனு கொடுக்க நேரம் கிடைக்கும்.

சுயேச்சைகள் சின்னத்துக்கு மூன்று விருப்பங்களை வரிசையாக எழுத வேண்டும். நீங்கள் முதலில் கொடுத்த மனுவில் உள்ள விருப்பத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். பின்னால் கொடுக்கும் மனுவில் மாற்றி எழுதிப் பயனில்லை.

மனு கொடுத்ததும் உறுதிமொழி எடுக்க வேண்டும். இதைப் பலர் மறக்கிறார்கள். மனு கொடுத்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முந்தைய நாளுக்குள் எடுத்திருக்க வேண்டும். பரிசீலனை அன்று காலையில் எடுத்தால் செல்லாது. எடுத்ததற்குச் சான்று தருவார்கள். வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பரிசீலனை அன்று நீங்கள், உங்கள் முகவர், முன்மொழிந்தவர் ஒருவர், இன்னும் ஒருவர் உள்ளே இருக்கலாம். கட்டாயம் போங்கள். எழுத்துப்பிழை போன்ற சிறு குறைக்காக மனுவைத் தள்ளக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. யாராவது ஆட்சேபித்தால் பதில் சொல்ல அவகாசம் கேளுங்கள். அடுத்த நாளுக்கு அடுத்த நாளைத் தாண்டாமல் அலுவலர் நேரம் தர முடியும். தள்ளுபடி ஆனால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அதை எதிர்த்து உடனே நீதிமன்றம் போய்த் தேர்தலை நிறுத்த முடியாது. முடிவு வந்தபின் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்காகத்தான் போடலாம், 45 நாளுக்குள்.

7. பணம்

டெபாசிட் சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இதில் பாதி. பொதுத் தொகுதியில் நின்றாலும் பாதிதான். ரொக்கமாகவோ கருவூலச் சலானாகவோ கட்டலாம், காசோலை வாங்கமாட்டார்கள். நான்கு மனு கொடுத்தாலும் ஒரே டெபாசிட் போதும்.

செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு *மேல்* பெற்றால்தான் அது திரும்ப வரும். 1,20,000 செல்லும் வாக்குகள் என்றால் 20,000 போதாது, 20,001 வேண்டும். நோட்டா இந்தக் கணக்கில் சேராது. மனு தள்ளுபடியானாலோ நீங்கள் வாபஸ் பெற்றாலோ பணம் திரும்பும்.

செலவு உச்சவரம்பு தமிழ்நாட்டில் சட்டமன்றத்துக்கு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம் என 2022-இல் நிர்ணயிக்கப்பட்டது. ஒருவருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ தேர்தல் முழுவதிலும் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக்கூடாது. காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம்தான். நன்கொடை வாங்குவதற்கும் அதே வரம்பு. கையில் 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டு போனால் எங்கிருந்து எடுத்தது, எதற்கு என்ற ஆவணம் வண்டியில் இருக்க வேண்டும். பறக்கும் படை வேட்பாளர், வியாபாரி என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

உங்கள் மேல் குற்ற வழக்கு இருந்தால் அதன் விவரத்தை மூன்று முறை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் வெளியிட வேண்டும். அந்த விளம்பரச் செலவு உங்களுடையது. பட்ஜெட் போடும்போதே ஒதுக்குங்கள்.

8. உள்ளாட்சிக் காலியிடம் என்றால் மாறுபவை

ஊராட்சித் தலைவர் பதவி காலியானால் துணைத் தலைவர் பொறுப்பைப் பார்ப்பார். தலைவரை மக்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கிராம ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியம், மாவட்ட ஊராட்சி, நகர்ப்புற வார்டுகளில் உண்டு.

டெபாசிட் கிராம வார்டு உறுப்பினருக்கு 200, ஊராட்சித் தலைவருக்கும் ஒன்றிய வார்டு உறுப்பினருக்கும் 600, மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு 1,000. நகர்ப்புறத்தில் பேரூராட்சி 1,000, நகராட்சி 2,000, மாநகராட்சி 4,000. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு எல்லாவற்றிலும் பாதி. இவை 2019, 2022 தேர்தல்களில் வாங்கிய தொகைகள். அடுத்த அறிவிக்கையில் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

சொத்துவரி, குடிநீர்க் கட்டணம் பாக்கி இருந்தால் முதலில் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். எதிராளி முதலில் தேடுவது அதைத்தான். பதவி பெண்களுக்கோ பட்டியல் சாதியினருக்கோ ஒதுக்கப்பட்டிருந்தால், இடையில் காலியானாலும் அந்த ஒதுக்கீடு தொடரும்.

ஊர்க்கூட்டம் போட்டுப் பதவியை ஏலம் விட்டு, மற்றவர்களைப் போட்டியிடாமல் தடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இது தண்டனைக்குரிய குற்றம். கோயில் திருப்பணிக்குத்தான் பணம் என்று சொன்னாலும் குற்றம் குற்றமே. அந்தக் கூட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மிரட்டல் வந்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அவர்தான் மாவட்டத் தேர்தல் அலுவலர்.

ஒரு பதவி காலியாவதும் அமைப்பின் காலமே முடிவதும் வேறு. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்வான ஊரக உள்ளாட்சிகளின் ஐந்தாண்டு 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். இப்படிப்பட்ட இடத்தில் இடைத்தேர்தல் என்ற பேச்சே இல்லை, முழுத் தேர்தல்தான்.

9. முடிவு வந்த பிறகு

வென்றால் முன்னவரின் மிச்ச காலம் மட்டும் உங்களுடையது. 2021-இல் வைத்திலிங்கத்தின் மாநிலங்களவை இடத்துக்கு வந்த கே.ஆர்.என். ராஜேஷ்குமாருக்கு 2022 ஜூன் வரைதான் காலம் கிடைத்தது. வாக்குறுதிகளை அந்த அளவுக்கு வையுங்கள். பத்து மாதத்தில் முடியாத பாலத்தைச் சொல்லி வாக்குக் கேட்பது மக்களை ஏமாற்றுவது.

வென்றாலும் தோற்றாலும், முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். மனுத்தாக்கல் நாளிலிருந்து முடிவு நாள்வரையிலான எல்லாச் செலவும், ரசீதுகளோடும் வங்கி அறிக்கையோடும். ஒரு ரூபாயும் செலவழிக்கவில்லை என்றாலும் அதையே கணக்காகக் கொடுக்க வேண்டும். தோற்ற சுயேச்சைகளில் பலர் இதை விட்டுவிடுவதால் அடுத்த தேர்தலில் நிற்க முடியாமல் போகிறது. கணக்கைக் கொடுத்ததும் அலுவலக முத்திரையும் தேதியும் உள்ள ஒப்புகைச் சீட்டை வாங்கி, டெபாசிட் ரசீதோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். டெபாசிட்டைத் திரும்பக் கேட்கப் போகும்போது அந்த ரசீது வேண்டும்.